திருநர் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

ஐயா,

திருநங்கையர் நலவாரியத்தை 2008-லேயே அமைத்த தமிழ்நாட்டில், ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால் கேலியும் சீண்டலும் காத்திருக்கும் என்று அஞ்சி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் அடையாளச் சான்றிதழுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அடித்து வீட்டைவிட்டுத் துரத்துவதே பெற்றோர் எனில், அந்தப் பிள்ளை யாரிடம் கையெழுத்து வாங்கும்? இத்தகைய மாணவர்களைப் புரிந்துகொள்ள ஆசிரியர்களுக்கென, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021-ல் வெளியிட்ட கையேடும், எதிர்ப்புக் கிளம்பியதும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது (படித்துப் பார்த்துவிட்டு எதிர்த்தவர்கள் எத்தனை பேரோ!).

மாநிலப் பள்ளிக் கல்வித்துறை தமிழிலேயே ஒரு கையேடு தயாரித்து, வரும் கல்வியாண்டுக்குள் ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும். பள்ளிதோறும் எவரும் பயன்படுத்தத்தக்க, தாழ்ப்பாள் ஒழுங்காக உள்ள தனிக் கழிப்பறை ஒன்றையாவது திறந்துவைக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்