இன்னொரு தடவை எழுதப்போகிறவளுக்கு

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்பா "யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் முடித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் நம்ம டைப்பிங் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து இதை அடிக்கிறேன். நம்ம கடைக் கீபோர்டில் 'ழ' மக்கர் பண்ணுகிறது, எங்காவது 'ல' விழுந்திருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நேஷனல் லா யுனிவர்சிட்டிகளில் அஞ்சு வருஷச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வான கிளாட்டை நீ மறுபடி எழுது. அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. காலேஜை விட்டுவிட்டு முழு வருஷமும் கோச்சிங் சென்டரில் உட்காரப்போகிறேன் என்கிறாயே, அதற்குத்தான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்று கடைசி வரைக்கும் படி, அப்புறம் சண்டை போடு.

போன வாரம் உன் பழைய கேள்வித்தாளை, தேர்வை நடத்துகிற கன்சார்டியத்தின் வெப்சைட்டிலிருந்து எடுத்து பிரிண்ட் போட்டேன். விடைக்குறிப்பும் அங்கேயே இருக்கிறது. நீ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வட்டம் கறுத்த உன் ஓஎம்ஆர் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அஃபிடவிட் அடித்தால் மூலத்தோடு ஒத்துப் பார்க்காமல் கட்டுக்குள் வைக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான். இதை நீ ஒருதடவைகூடச் செய்யவில்லை, இல்லையா? ரேங்க்கைப் பார்த்தாய், அழுதாய், தாளை மூடிவிட்டாய். மாடல் டெஸ்ட்டுகளிலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்க்கை நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் அடுத்த டெஸ்ட்.

பார்த்ததைச் சொல்கிறேன். பொது அறிவில் போனது எல்லாருக்கும் போகிறதுதான். 120 கேள்வியில் 28-லிருந்து 32 வரை நடப்புச் செய்தி. அதற்குக் குறுக்கு வழி கிடையாது, தினம் பேப்பர் படிக்கணும், அவ்வளவுதான். இங்கிலீஷில் நீ பயந்த அளவுக்கு மோசம் இல்லை. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அது நல்ல மார்க் என்றே சொல்வேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது சட்டப் பகுதிதான். வக்கீலாகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற நீ, அதில்தான் அதிகம் விட்டிருக்கிறாய். அதிலும் முக்கால்வாசி ஒரே மாதிரித் தப்பு.

உன் தாளில் இருந்த கேள்வியையே எடுத்தால் பதிலை மனப்பாடமாகச் சொல்லிவிடுவாய். அதனால் நானே ஒன்று கட்டினேன். பார்.

கொடுத்திருக்கும் விதி இது: கடையில் விலை எழுதிப் பொருளைக் காட்சிக்கு வைப்பது, வாங்க வருமாறு அழைப்பது மட்டுமே. வாங்க வருகிறவர் கேட்பதுதான் முன்மொழிவு. கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம்.

நடந்தது இது: விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடை. கண்ணாடிக்குள் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலையில் 499 என்று சீட்டு. உசிலம்பட்டியிலிருந்து வந்த பாட்டி உள்ளே போய் அதைக் கேட்கிறார். "சீட்டு மாறிப்போச்சும்மா, அது 1,499" என்கிறார் கடைக்காரர். 499-க்குத்தான் கொடுக்கணும் என்று பாட்டி சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா?

அ. முடியும், கடைக்காரர் ஏமாற்றப் பார்க்கிறார்.
ஆ. முடியும், விலையை எழுதி வைத்ததே வாக்குக் கொடுத்த மாதிரி.
இ. முடியாது, ஒப்பந்தமே ஏற்படவில்லை.
ஈ. முடியாது, சீட்டு தவறுதலாக மாறிவிட்டது.

நீ 'அ' போட்டிருப்பாய். கையில் அடித்துச் சொல்வேன். பஸ் ஏறி வந்த வயசான மனுஷியை ஏமாற்றுகிறானே என்று உனக்குப் பொங்கியிருக்கும். கொஞ்சம் நிதானமாக இருந்திருந்தால் 'ஈ' போட்டிருப்பாய். முடியாது என்பது சரிதானே என்று தோன்றும். ஆனால் சீட்டு தவறுதலாக மாறியதா, வேண்டுமென்றே மாற்றியதா என்பதைப் பற்றி விதி ஒன்றுமே சொல்லவில்லை. தெரிந்தே 499 என்று எழுதி வைத்திருந்தாலும் அந்த விதிப்படி பதில் இதேதான். ஆகவே 'இ'.

நிஜத்தில் அந்தப் பாட்டி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் கதை வேறாகலாம். நீயும் அதைத்தான் சொல்லி வாதாடுவாய். ஆனால் அந்தச் சட்டத்தைத் தாளில் கொடுக்கவில்லையே. சட்டம் முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவையில்லை, கொடுத்த பத்தியிலிருந்து பதில் சொன்னால் போதும் என்று தேர்வு நடத்துகிறவர்களே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நீ பத்திக்கு வெளியே இருக்கிற நியாயத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறாய்.

கடையில் தினமும் இதைப் பார்க்கிறேன். வாடிப்பட்டியிலிருந்து ஒருத்தர் பாகப்பிரிவினை வழக்குக்கு வருவார். அண்ணன் பொண்டாட்டி கருமாதி அன்றைக்கு எப்படிப் பேசினாள், யார் வீட்டுக் கல்யாணத்தில் சோறு போடாமல் அனுப்பினார்கள் என்று அரை மணி நேரம் சொல்வார். கண்ணில் தண்ணி நிற்கும். வக்கீல் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பிக்கும்போது சொத்து யார் பேரில், எந்தத் தேதியில், எவ்வளவு பாகம், எப்போது கேட்டு எப்போது மறுத்தார்கள் என்பது மட்டும்தான் வரும். கருமாதிப் பேச்சு ஒரு வரிகூட ஏறாது. ஆரம்பத்தில் எனக்கு இது ஈவிரக்கம் இல்லாத வேலையாகத் தெரிந்தது. அந்த மனுஷனுக்குப் பாகம் வாங்கிக் கொடுக்கப்போவது அந்த நாலு வரிதான் என்று அடிக்க அடிக்கத்தான் புரிந்தது. நீ பொங்குவதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நீ எதற்கு வக்கீலுக்குப் படிக்கணும்? அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அதை வெளியே உட்காரவை.

அடுத்தது காலி வட்டங்கள். கடைசியில் கணக்குப் பகுதி முழுக்க வரிசையாகக் காலி. பத்தாவது பாடக் கணக்குதான் கேட்கிறார்கள், சதவீதமும் விகிதமும். 10-லிருந்து 14 கேள்வி. பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் அதைத் தொடவே இல்லை என்றால் காரணம் நேரம்தான். 450 சொல் பத்தி, அதற்கு நாலைந்து கேள்வி, அப்படியே 120 நிமிஷத்தில் 120 கேள்வி. கூட்டிப் பார்த்தால் பத்தாயிரம் சொல் வரைக்கும் வாசிக்க வேண்டியிருக்கும். காகிதத் தாள்தானே, எந்தப் பகுதியிலிருந்தும் ஆரம்பிக்கலாம். முதல் பதினைந்து நிமிஷத்தில் கணக்கை முடித்துவிட்டுப் பைய இங்கிலீஷுக்குப் போ. கேள்வி எண்ணுக்கு நேரே வட்டம் கறுக்கிறாயா என்று மட்டும் பார்த்துக்கொள்.

நடுவிலும் நிறைய விட்டிருக்கிறாய். "தப்பானா கால் மார்க் போயிரும்மா" என்று அன்றைக்கே சொன்னாய். இதை அப்பா லாரி ஆபிஸ் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நூறு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நாலில் ஒன்று வீதம் 25 சரியாகும் என்று வை. 75 தப்புக்கு 18.75 போகும். மிச்சம் 6.25. கண்ணை மூடினாலே நட்டம் இல்லை. இரண்டு பதிலை இது நிச்சயம் இல்லை என்று அடித்துவிட்டால், மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறிப்பது நல்ல லாபம். இதற்காகப் படிக்காமல் குறிக்கச் சொல்லவில்லை. வாசித்து, இரண்டு நிமிஷம் செலவழித்து, கடைசியில் பயந்து காலியாக விட்டிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். டைப்ரைட்டிங் ஹையர் எழுத வருகிற பிள்ளைகளில் சிலர் இப்படித்தான், தப்பு விழுந்துவிடும் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைப் பார்ப்பார்கள். தப்பு விழாது, பக்கம் முடியாது.

இதையெல்லாம் சரிசெய்ய ஒரு வருஷம் காலேஜை விடணுமா? நீயே சொல். உனக்கு வேண்டியது தினம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு டெஸ்ட், திங்கட்கிழமை அந்த டெஸ்ட்டின் தப்புகளோடு உட்கார்வது. அந்தத் திங்கட்கிழமைதான் முக்கியம். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுது: நேரம் இல்லை, விதியைச் சரியாக வாசிக்கவில்லை, என் நியாயத்தைக் கலந்தேன், தெரியாது. ஒரு மாசத்தில் எது அதிகம் என்று உனக்கே தெரியும். ஹாஸ்டலில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போ. அங்கே ஏசி காற்றுக்குப் படிக்கிறவர்களே பாதிப் பேர், நீயும் ஒரு ஓரத்தில் உட்கார்.

நடப்புச் செய்திக்கு ஒன்று. 2024 ஜூலை 1-லிருந்து இபிகோ என்கிற பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதே, இன்னமும் கொலை என்றால் என் விரல் தானாக 302-க்குத்தான் போகிறது. 103 என்று திருத்தித் திருத்தி அடிக்கிறேன். இந்த மாதிரிச் சட்டம் மாறின செய்திகளைத் தனியாக ஒரு நோட்டில் வை. இன்னொன்றும் நீயே வாசித்துப் பார். 2024 டிசம்பரில் நடந்த இதே கிளாட் தேர்வின் விடைக்குறிப்பு தப்பு என்று மாணவர்கள் கேஸ் போட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. 2025 மே மாசம் கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அங்கேயும் திருத்தினார்கள். இந்த விதியிலிருந்து இந்தப் பதில் எப்படி வரும் என்பதை நீதிபதிகள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எந்த கோச்சிங் சென்டரில் அப்படிச் சொல்லித் தருவார்கள்?

இப்போது காலேஜ் விஷயம். பி.ஏ. உனக்குப் பிடிக்கவில்லை, தெரியும். ஆனால் அது கையில் இருந்தால் மூணு வருஷ எல்எல்பி என்று ஒரு கதவு திறந்தே இருக்கும். பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலிலேயே 2022-லிருந்து மூணு வருஷப் படிப்பு நடக்கிறது, அதற்குத் தனித் தேர்வு. கிளாட்டுக்கு வயசு வரம்பும் கிடையாது. ஆக, டிசம்பரில் சீட் கிடைக்கிற மாதிரி ரேங்க் வந்தால் அப்போது காலேஜை விடு, நானே வந்து டிசி வாங்கித் தருகிறேன். வராவிட்டால் உன் கையில் ஒரு வருஷப் படிப்பாவது இருக்கும். கோச்சிங்கில் உட்கார்ந்தால் அது இருக்காது.

இன்னொன்று, கோபப்படாமல் கேள். மதுரை லா காலேஜை நீ பேசுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மார்க்கில் எடுக்கிறார்கள் என்பதாலேயே அது மட்டம் ஆகிவிடாது. ஹைகோர்ட் கிளை 2004 ஜூலையில் இங்கே வருவதற்கு முன்னால், ஹைகோர்ட்டில் ஒரு ரிட் மனு போடணும் என்றால் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்து மெட்ராஸ் போகணும். இன்றைக்கு ஒத்தக்கடைப் பக்கம் அந்தக் கட்டடத்தில் நின்று பேசுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தக் காலேஜ் பிள்ளைகள். எந்தக் காலேஜ் என்று கட்சிக்காரர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே சமயம் நேஷனல் லா யுனிவர்சிட்டி உனக்குத் திறந்துவிடுகிற உலகம் வேறு என்பதும் எனக்குத் தெரியும். அங்கே வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும், இங்கே ஆயிரக்கணக்கில் முடியும். திருச்சியில் இருக்கிற நேஷனல் லா யுனிவர்சிட்டி கிடைத்தால் லோன் போட்டுக்கூடச் சேர்ப்போம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆனால் அடுத்த வருஷம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் வரும்போது அதையும் போடுகிறாய். இதில் பேச்சே இல்லை.

விண்ணப்பக் கட்டணம் 4,000. இன்று காலையில் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். சென்டர் சென்னையே போடு. தேர்வுக்கு முந்தின ராத்திரி ரயிலில் வந்து அசதியோடு எழுத வேண்டாம். கடைசி நாள் வரைக்கும் இழுக்காமல் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. பிளஸ் டூ மார்க்‌ஷீட்டிலும் ஆதாரிலும் உன் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார். மாறியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, என்ன செய்யணும் என்று இங்கே விசாரித்துச் சொல்கிறேன்.

காலேஜ் இரண்டாவது தவணை 20-ஆம் தேதிக்குள் கட்டணும். வியாழக்கிழமை ராத்திரிக்குள் உன் முடிவைச் சொல். எனக்குச் சொன்னால் போதும், அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா