மார்லி பிள்ளைகளை எந்த வரிசையில் கேட்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியின் வாரிசுகளைப் பற்றி வந்த கட்டுரை, ‘அப்பாவின் பெயரில் காலம் தள்ளுகிறார்கள்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது. வரிசை மாற்றிக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

பலரும் மூத்த மகன் ஸிக்கியிடம் தொடங்குகிறார்கள். குரலில் அப்பாவின் சாயல் அதிகம். ஒப்பிடாமல் கேட்கவே முடியாது. நான் சொல்வது, இன்னொரு மகன் ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டு போங்கள். தம்பி டேமியனின் ‘மிஸ்டர் மார்லி’ (1996), ‘ஹாஃப்வே ட்ரீ’ (2001), ‘வெல்கம் டு ஜாம்ராக்’ (2005) மூன்றின் தயாரிப்பிலும் ஸ்டீபன் இருக்கிறார். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இங்கே எந்த டிரம்ஸ், எவ்வளவு பேஸ் (கீழ்ச்சுருதி ஒலி), எந்த இடத்தில் மௌனம் என்று முடிவு செய்பவர். ஸ்டீபனின் சொந்த ஆல்பமான ‘மைண்ட் கன்ட்ரோல்’ 2007இல்தான் வந்தது. அதன் அக்கூஸ்டிக் பதிப்பும் (மின்கருவிகளைக் குறைத்து எளிமையாக வாசித்தது) உண்டு. ஒரே பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டால், எதைச் சேர்த்தார், எதைக் கழற்றினார் என்பது பிடிபட்டுவிடும்.

‘ஜாம்ராக்’ தலைப்புப் பாடலில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பழைய குரலை டேமியனுடையது என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அது ஜமைக்கப் பாடகர் ஐனி கமோஸியின் குரல். 1984இல் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்லை, பேஸ் வாசிக்கும் ராபி என்ற இணை அவருக்குப் போட்டுக்கொடுத்த ‘வேர்ல்ட் எ மியூசிக்’ பாட்டின் தாளத்தையும் பேஸையும் எடுத்து, அதன்மேல்தான் டேமியன் பொரிந்து தள்ளுகிறார். ஒரே ‘ரிடிம்’ (தாளமும் பேஸும் சேர்ந்த பின்னணி) மீது பலர் பாடுவது ஜமைக்காவில் வழக்கம், அதைத் திருட்டு என்று எழுதுவது அறியாமை.

கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எழும்பாது. பேஸ் போனால் ரெகேயில் மிஞ்சுவது கிட்டாரின் ‘சக்கு சக்கு’தான். சுமாரான இயர்போனே போதும். ரெகேயின் நாலடித் தாளமான ‘ஒன் டிராப்’பில் முதல் அடி காலியாக இருக்கும். கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மூன்றாவது அடியில் விழும். முதல் தட்டில் கை வைத்துப் பழகிய நமக்குப் பாட்டு தடுமாறுவதுபோல் தோன்றுவது அதனால்தான். மூன்றில் தட்டிப் பாருங்கள், சரியாக உட்கார்ந்துவிடும்.

ஏ.ஆர். ரஹ்மானுக்காக, அவரும் டேமியனும் இருந்த ‘சூப்பர்ஹெவி’ குழுவின் ஆல்பத்தை (2011) கேட்டவர்கள் அதை வைத்து டேமியனை எடைபோட வேண்டாம். அது ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ பாடகர் மிக் ஜாகர் உட்பட ஐந்து பேர் பங்கு போட்ட பந்தி. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க ராப் பாடகர் நாஸுடன் டேமியன் செய்த ‘டிஸ்டன்ட் ரிலேட்டிவ்ஸ்’ எவ்வளவோ மேல்.

இன்னொரு மகன் ஜூலியனைக் கட்டுரை அடியோடு மறந்துவிட்டது. 2024இல் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி அவருடைய ‘கலர்ஸ் ஆஃப் ராயல்’ தொகுப்புக்குத்தான் போனது.

இத்தனைக்கும் பிறகு ஸிக்கியிடம் வாருங்கள். ‘மெலடி மேக்கர்ஸ்’ என்ற குழுவாக உடன்பிறந்தவர்களோடு அவர் செய்த ‘கான்ஷியஸ் பார்ட்டி’ (1988) முதலில். செயலிகளில் அவர் பெயரை மட்டும் தட்டினால் 2003 முதல் வந்த தனி ஆல்பங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். ‘மெலடி மேக்கர்ஸ்’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி