கேப்ஸ்யூல் விழுங்குவதற்கல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிஓபிடி என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீடி, சிகரெட்டைப் பற்றியே பெரும்பாலும் பேசியிருந்தது. என் அம்மா பீடியைக் கையால்கூடத் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சன்னல் இல்லாத சமையற்கட்டு, ஈர விறகு, கையில் ஊதாங்குழல். அந்தப் புகையும் இதே நோயைக் கொண்டுவரும். சரி, நான் எழுத வந்தது மருந்தைப் பற்றி.

சென்ற வருடம் மூச்சு முட்டி அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் நாலு மாத்திரைகளுக்கு அடியில் ஒரு கேப்ஸ்யூலும் இருந்தது, '1-0-1' என்று. கூடவே ஒரு பிளாஸ்டிக் கருவி. கருவி பீரோவுக்குள் போனது. கேப்ஸ்யூல் வெந்நீரோடு வயிற்றுக்குள் போனது. பன்னிரண்டு நாள்! இளைப்பு குறையவே இல்லை. அம்மா உடம்புக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். தீர்ந்துபோய் மறுபடி வாங்கப் போனபோது, மருந்துக்கடைக்காரர் பேச்சுவாக்கில் "மெஷின் இருக்குல்ல?" என்று கேட்டார். கேப்ஸ்யூலை அந்தக் கருவியில் போட்டு, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும் என்ற விஷயமே அப்போதுதான் தெரிந்தது.

அத்தோடு முடியவில்லை. கேப்ஸ்யூலைப் போட்டு, திருகி, வாயில் வைத்துக் கொடுத்தால், அம்மா ஃபூ என்று ஊதினார். பொடி அத்தனையும் என் சட்டையில். ஊதாங்குழல் பிடித்த வாய், வேறு என்ன செய்யும்? வேறொரு டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸ் காலிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, "முதல்ல மூச்சை வெளியே விட்டுருங்கம்மா, மெஷினுக்குள்ள இல்ல. அப்புறம் பதறிப்போய் 'ஹா'ன்னு உள்ள இழுப்போமே, அந்த மாதிரி இழுங்க" என்றார். இழுத்ததும் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொன்னார். கருவிக்குள் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. ஸ்டீராய்டு கலந்த மருந்து என்பதால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படிந்து புண்ணாகும். நாலு தடவை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் இருப்பது பம்ப், அதாவது அழுத்தினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர். அதற்கு நேர்மாறான முறை: குலுக்கி, அழுத்தி, மெதுவாக நீளமாக இழுக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கொண்டால் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய சிரமம் இல்லை. அவரோ பம்பையே ஒளித்து வைத்திருந்தார். "அதைத் தொட்டா விடவே முடியாது, மாத்திரையே போதும்" என்பது அவர் கட்சி. கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்கிறது என்றால், பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு தடவை அழுத்தினாலும் மாத்திரையில் இருபதில் ஒரு பங்குதான். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் அது போதும்; கை நடுக்கமும் படபடப்பும் குறைவு.

கெட்டுப்போன நுரையீரலை இந்த மருந்துகள் பழையபடி ஆக்கிவிடாது, தெரியும். சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கும், அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைக் குறைக்கும். ஆனால் அதற்கு மருந்து உள்ளே போக வேண்டுமே?

அதனால் டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இழுக்கும் கேப்ஸ்யூலை மாத்திரைகளோடு ஒரே பட்டியலில் எழுத வேண்டாம். தனியே, தமிழில், 'விழுங்கக் கூடாது' என்று எழுதுங்கள். முதல் வேளை மருந்தை நர்ஸ் முன்னாலேயே இழுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அப்படி வருகிறவர்கள், இளைப்புக்காரர் இருக்கும் வீட்டில் "எங்கே, ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க பாட்டி" என்று கேட்கலாம். இரண்டு நிமிட வேலை. பையில் ஒரு காலிக் கருவி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வத்தலக்குண்டு