வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு: ஐப்பசி மழைக்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள்

திருநெல்வேலி, தென்காசி வட்டார வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சிறு கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு கூட்டம் போட்டு, பேக்கப், அதாவது கணக்கை நகல் எடுத்து வைப்பது பற்றி மட்டும் பேச வேண்டும். எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கடைகளில் சிபியு கல்லாவுக்கு அடியில் தரையில் இருக்கிறது. பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் இதே மாதிரிதான். செருகியே கிடக்கும் டிஸ்க், பென் டிரைவ், எல்லோருக்கும் திறந்துவிட்ட ஷேர் ஃபோல்டர் எதையும் அது விட்டுவைக்காது. "பேக்கப் எடுத்துட்டுதான் இருக்கோம் அண்ணாச்சி" என்று சொல்லும் கடைகளில் பலவற்றில் நிலைமை இதுதான்.

ஒரு கடைக்கு வேண்டியது 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. 'அ', 'ஆ' என்று மார்க்கரால் எழுதிக்கொள்ளட்டும். தினமும் கடை அடைக்கும் முன் எல்லா கம்ப்யூட்டரிலும் டேலி கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, ஒன்றில் மட்டும் திறந்து, ஆல்ட்டோடு ஒய் அழுத்தி பேக்கப் எடுக்க வேண்டும். அடுத்தவர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு நகல் கிடைக்கும். அதைத் திறக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு 'அ' வீட்டுக்குப் போகும், 'ஆ' கடைக்கு வரும். வீடும் சிந்துபூந்துறை மாதிரி ஆற்றோரத்தில் இருந்தால் மேட்டுப் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். வழியில் தொலைந்தால் கணக்கு அடுத்தவர் கையில் சிக்காமல் இருக்க, டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுங்கள். அந்த பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டரில் எழுதி வைக்க வேண்டாம்.

கூகுள் டிரைவில் போகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்க் (கம்ப்யூட்டரில் மாறுவது அப்படியே டிரைவிலும் மாறுவது) வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் ஃபைல் பூட்டப்பட்டால், பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். பழைய வெர்ஷன்களை டிரைவ் பொதுவாக 30 நாள் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம், கவனிக்காவிட்டால் இல்லை. மூன்றாவது நகலாக அது இருக்கட்டும், தப்பில்லை.

எடுத்த பேக்கப் வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள்தான் அபூர்வம். மாதம் ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் அதை ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, ஏதேனும் இரண்டு பார்ட்டிகளின் பாக்கி மூன்றும் கடைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள டேலி, கடையில் உள்ளதைவிடப் பழைய வெர்ஷனாக இருந்தால் டேட்டா திறக்காது; பேக்கப் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இது வெறும் ஜாக்கிரதைக்காக அல்ல. ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

ரேன்சம்வேர் எந்த வழியாக உள்ளே வருகிறது? முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்கவும் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து நுழையவும் ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப் வாசலைத் திறந்துவிடுகிறார்கள். அதை 3390 ஆக மாற்றினால் போதும் என்று சில சர்வீஸ்காரர்களே சொல்கிறார்கள். போதாது. இன்டர்நெட்டில் எந்த போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இரவும் பகலும் துழாவும் புரோகிராம்கள் இருக்கின்றன. பிறகு பாஸ்வேர்டை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. திறந்த போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் எனும் பூட்டிய தனிப்பாதை வழியாக வரச் செய்ய வேண்டும். இன்னொரு வழி, கிராக் செய்த (உரிமம் வாங்காத) டேலி. அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்களே, யாருக்காக என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். பில் போடும் பிள்ளைகளுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரண யூசர் கணக்கு போதும்.

மாட்டிக்கொண்டால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்க வேண்டாம். பூட்டிய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வையுங்கள்; சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் கிடைக்கிறது, இன்று இல்லாதது பின்னால் வரவும் வாய்ப்புண்டு. பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு.

நனைந்த கம்ப்யூட்டரை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் பெரிய தப்பு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. சேற்றுத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கும். தட்டு சுழன்றால் மண் துகள் கீறிவிடும். வெயிலில் காயப்போடுவதும், அரிசிக்குள் புதைப்பதும், திறந்து துடைப்பதும் கூடாது. டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்கு அப்படியே அனுப்ப வேண்டும். சிபியுவைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அலமாரியில் வைத்துவிட்டால் ஓரளவு தண்ணீருக்குத் தாங்கும். ஆற்றோரக் கடைகள் மழை எச்சரிக்கை வந்ததுமே கழற்றி மாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

யுபிஎஸ் பற்றிச் சுருக்கமாக: 600 விஏ யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள், சூடாகும்போது அது இழுக்கும் கரண்ட்டை யுபிஎஸ் தாங்காது. நம் ஊர் வெக்கையில் பேட்டரி இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் நம்பத் தக்கதல்ல. மொட்டை மாடி கேமராவின் வயர் வழியாக இடி டிவிஆரில் (கேமராப் பதிவுப் பெட்டியில்) இறங்கும் என்பதால் எர்த்தை எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்கட்டும். டிவிஆரின் பாஸ்வேர்டு இன்னும் 12345 தானா என்றும் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. மலிவாக வரும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இருப்பது இன்டெல் 4ஆம், 6ஆம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 முறையாக ஏற 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், ஆன் செய்து பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் பேக்கப் டிஸ்க்கைக் கையோடு கொண்டு வரட்டும். சங்கத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் அங்கேயே ரீஸ்டோர் செய்து பார்ப்போம். ஒருவர் முடித்ததும் அவர் டேட்டாவை அழித்துவிட்டுத்தான் அடுத்த டிஸ்க். ஒரு கடைக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு நாளில் நாற்பது கடை முடிந்துவிடும். ஆட்களை நாங்கள் அனுப்புகிறோம், கூலி வேண்டாம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெல்லை வட்டாரக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்போர் சிலர்