மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

நரம்பியல் புறநோயாளிப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் அப்பா நாற்பது வருடம் தையல்காரராக இருந்தவர். பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்து, உங்களில் ஒருவர் முன்னால் உட்கார வைக்கிறேன். ஊர், மருத்துவமனைப் பெயரெல்லாம் வேண்டாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

போன முறை நடந்தது இது. முந்தின நாள் சாயங்காலம் குளியலறை நிலைப்படியில் அப்பா நின்றுவிட்டார். உள்ளே போக மனசு இருக்கிறது, கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அம்மா சாக்பீஸால் தரையில் குறுக்கே நாலு கோடு போட்ட பிறகுதான், கோட்டைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார். மறுநாள் உங்கள் அறைக்குள் அதே மனிதர் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி நடந்து வந்தார். "நடுக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "பரவாயில்லைங்க" என்றார். "நல்லாத்தானே இருக்கார், அதே மாத்திரை" என்று எழுதிக் கொடுத்தீர்கள். திரும்பும்போது பேருந்துப் படியில் கால் எழும்பவில்லை. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

"அங்கே மட்டும் ஏம்ப்பா அப்படி நடந்தீங்க?" என்று கோபமாகக் கேட்டேன். அப்பா மெல்லிய குரலில், "அளவு நாடாவை எடுத்தாலே எல்லாரும் வயித்தை உள்ளே இழுத்துக்குவாங்கம்மா. நானே பார்த்திருக்கேன்ல" என்றார்.

அதோடு அன்று இன்னொன்றும் இருந்தது. காலை மாத்திரையை எட்டரைக்குப் போட்டார், டோக்கன் வந்தது ஒன்பதரைக்கு. அந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மருந்து ஏறியிருந்த நேரம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டிருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பீர்கள். வருடங்கள் போகப்போக ஒரு வேளை மாத்திரை தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வரும் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஓ.பி. சீட்டில் அந்த மணியை யாரும் எழுதியதில்லை.

பார்க்கின்சன் எவ்வளவு தீவிரம் என்று மார்க் போட நீங்கள் பயன்படுத்தும் யு.பி.டி.ஆர்.எஸ். அளவுகோலின் 2008ஆம் வருடத்துத் திருத்திய வடிவத்தைப் படித்துப் பார்த்தேன். அசைவுகளைச் சோதிக்கும் பகுதியில் 33 மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை, மொத்தம் 132. மார்க் கூடினால் கவலைப்பட வேண்டிய பரீட்சை. அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே நோயாளி இப்போது மருந்தின் பிடியில் இருக்கிறாரா, கடைசி லெவோடோபா போட்டு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்கிறார்கள். அது தெரியாமல் போடும் மார்க் எந்த அப்பாவுக்கான மார்க்?

முழுச் சோதனைக்கும் அரை மணி நேரம் வேண்டும், வெளியே எண்பது பேர் காத்திருக்கிறார்கள். சரி, அதைக் கேட்கவில்லை. ஒருமுறை பயிற்சி மருத்துவர் ஒருவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகலமாக, வேகமாகப் பத்துத் தடவை தட்டச் சொன்னார். முதல் நாலு சரியாக வந்தது. ஐந்தாவதிலிருந்து விரல் விரிவது குறைந்தது, ஏழில் ஒரு தயக்கம், கடைசி இரண்டும் வெறும் துடிப்பு. காஜா எடுத்த கை அது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் மூன்று தட்டலிலேயே "போதும்" என்பார்கள். மூன்று வரை அப்பா நன்றாகவே தட்டுவார்.

நடுக்கத்தை மட்டும் கேட்பதற்கு 'நடுக்குவாதம்' என்ற பெயரும் ஒரு காரணமோ என்னவோ. அப்பாவுக்கு நடுக்கம் கொஞ்சம்தான். சட்டைப் பட்டன் போட இருபது நிமிடம், கட்டிலில் புரண்டு படுக்க அம்மா வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கவே அசைவு மந்தமாவதைத்தானே முதலில் பார்க்கிறீர்கள்? நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் இருக்கிறார்களே.

அதனால் கேட்பது இவ்வளவுதான். பதிவு செய்யும் இடத்திலேயே நர்ஸ் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சீட்டில் எழுதட்டும். அறைக்குள் எட்டடி நடக்க வைப்பதற்குப் பதிலாக வராண்டாவில் பத்து மீட்டர் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள், திரும்பும் இடத்தில்தான் கால் சிக்கும். அப்புறம், வீட்டிலிருப்பவர்கள் ஏதாவது எழுதிக் கொண்டுவந்தால் ஒரு பார்வை பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை நன்றாக இருந்தாரா, இறுகிப்போனாரா, கைகால் தானாக ஆடியதா என்று குறிக்கும் டைரி முறையை மருந்து ஆய்வுகளிலேயே பயன்படுத்துகிறார்கள். அதற்கு நாற்பது பக்க நோட்டு போதும்.

அடுத்த தேதிக்கு மூன்று நாள் டைரியும் நிலைப்படியில் எடுத்த வீடியோவும் கொண்டுவருகிறேன். வீடியோ நாற்பது நொடிதான். அப்பா வெட்கப்படுவார், அதனால் அவர் வெளியே போன பிறகு காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரரின் மகள்