வாசகர் வட்டம், இலண்டன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல. சிறுவர் பேச்சுப் போட்டிக்குப் பரிசு கொடுத்தோம்.

கரீபியத் தீவு மக்களின் ஆடல்பாடல் விழாவான கார்னிவலை இலண்டனில் தொடங்கிய முன்னோடிகளுக்காக வைத்த மாலை நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. கரீபியத் தீவான டிரினிடாட்டில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் 1958இல் இலண்டன் பிரிக்ஸ்டனில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் முழுப்பெயரில் 'ஆப்ரோ ஏசியன்' என்றும் சேர்த்துக்கொண்டார். ஆசியர்களையும் தன் சனமாக எண்ணியவர். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இலண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் தெருத்தெருவாகத் தாக்கின. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்தில் கார்னிவல் நடத்தி அதற்குப் பதில் சொன்னார் அவர். மாசிக் குளிருக்கு முந்திய மாதம், தெருவில் ஆட முடியாது, அதனால் மண்டபம். தெருவுக்கு வந்தது 1966இல். அந்த வட்டாரச் சமூக சேவகி ரோன் லாஸ்லெட் நடத்திய விழாவில் ரஸ்ஸல் ஹென்டர்சன் குழு 'ஸ்டீல் பேன்' என்ற உலோக வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டித் தட்டிக்கொண்டே நடக்க, சனம் பின்னால் போனது.

நாங்களும் ஒரு பேன் இரவல் வாங்கி வந்திருந்தோம். எண்ணெய்ப் பீப்பாயின் தட்டைச் சுத்தியலால் குழித்துச் செய்வது. வயலின் படிக்கும் ஒரு பிள்ளை ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, "ச பக்கத்தில ரி இல்லை, ப இருக்கு" என்றாள். அதற்கப்புறம் அவளை அதிலிருந்து எழுப்பவே முடியவில்லை.

இதைக் கேட்க வந்தவர்கள் பதினான்கு பேர். வருகிறேன் என்று சொன்னவர்கள் நாற்பதுக்கு மேல். மடித்த நாற்காலிகளைத் திரும்ப அடுக்கும்போது மனம் வலித்தது. உண்மையைச் சொல்கிறேன்.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப் போகின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. பாதிப் பேரின் சந்தா இன்னும் வரவில்லை. இதற்கும் கார்னிவல்காரர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்: கிளாடியா ஜோன்ஸின் 1959 கார்னிவல் மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் கலவரத்தில் மாட்டிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதம் கட்டப் போனது. அந்த மலரை வாங்கியவர்களும் பெரிய வசதிக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் போட்ட சகோதரிகளுக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும் நன்றி.

வரும் ஜனவரியில் ஹைகேட் கல்லறைக்குப் போவதாக எண்ணம். கார்ல் மார்க்ஸுக்குப் பக்கத்தில்தான் கிளாடியா ஜோன்ஸ் இருக்கிறார். உள்ளே போகக் கட்டணம் உண்டு, சங்கத்திடம் இப்போது அதற்குப் பணம் இல்லை. பெயர் கொடுப்பவர்கள் சந்தா பாக்கியையும் சேர்த்தே பொருளாளரிடம் கொடுத்தால், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.