ஒரே ஒரு சனத்துக்காக

பரந்தன்,
புதன்கிழமை

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. முள்ளியவளைப் பக்கம் காலபோக வெட்டு முடிந்து நெல்லும் காய்ந்துவிட்டது என்று அறிந்து சந்தோஷம். இங்கே இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகத்துக்கு உழவு தொடங்கிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சுகம்.

உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மாதத்துக்கு ஒரு பின்னேரத்தைச் சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத சனங்களுக்காக ஒதுக்கப் போகிறோம், எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தீர். நல்ல காரியம். ஆனால் இப்படித் தொடங்குகிற கூட்டங்கள் அனேகம் மூன்றாம் மாதத்திலேயே படுத்துவிடுகின்றன. "ஆண்டவரே, இந்தியாவைச் சந்தியும், சீனாவைச் சந்தியும், அரபு நாடுகளைச் சந்தியும்" என்று ஐந்து நிமிஷத்தில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டால், அடுத்த மாதம் கேட்பதற்கு என்ன மிச்சம்? பதில் வந்ததா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லை. ஆகவே முதல் வருடம் முழுவதும் ஒரே ஒரு சனத்தைக் கையில் எடுங்கள். அவர்களைப் பற்றி வடிவாகப் படியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எந்தச் சனம் என்று கேட்பீர். நான் பிராகுயி மக்களைச் சொல்வேன்.

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில், குவெட்டாவுக்குத் தெற்கே கலாத் மேட்டுநிலத்தைச் சுற்றி இருக்கிறார்கள். இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிற மொழி, நம்முடைய மொழிக்குத் தூரத்து உறவு. சொற்களில் பெரும்பகுதி பலூச்சியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவைதான். ஆனாலும் அடியில் பாரும்: நீ என்பதற்கு அவர்களும் "நீ" என்றே சொல்கிறார்கள். கண் அங்கே "ஃகன்", கல் "ஃகல்", வாய் "பா", பால் ஏறக்குறைய பால்தான். திராவிட மொழி அவ்வளவு வடக்கே எப்படிப் போய் நின்றது என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. உம்முடைய கூட்டத்தில் இருக்கிற வயதான அம்மாமாருக்கு இந்த ஐந்து சொல்லையும் சொல்லிப் பாரும், அந்தப் பெயர் பிறகு மறக்காது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழின் பழைமையைப் பற்றிக் கதைக்கிற கூட்டமாக இது மாறிவிடக் கூடாது. அவர்கள் தங்களைப் பலூச் மக்களோடு சேர்த்து எண்ணுகிறவர்கள், சுன்னி முஸ்லிம்கள். நம்முடைய உறவு அவர்களுக்குத் தெரியவும் வேண்டியதில்லை.

"பாகிஸ்தானில்தான் சபை இருக்கிறதே" என்று யாரும் கேட்டால், 1974இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த உலகச் சுவிசேஷ மாநாட்டில் ரால்ஃப் வின்டர் என்ற அமெரிக்க மிஷன் அறிஞர் எடுத்து வைத்த கேள்வியே அதுதான் என்று சொல்லும். நாட்டில் சபை இருக்கலாம், அந்தச் சபையின் பேச்சும் பழக்கமும் பக்கத்து இனத்துக்குப் புரியாமல் இருக்கலாம். பாகிஸ்தானில் முப்பது லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் உண்டு, பெரும்பாலும் பஞ்சாபியர். குவெட்டாவில் தேவாலயங்கள் இருக்கின்றன, ஆராதனை உருதுவிலும் பஞ்சாபியிலும் நடக்கிறது. நூறு மைல் தள்ளி ஆடு மேய்க்கிற பிராகுயிக் குடும்பத்துக்கு அந்த ஆலயம் வேறு சாதியின், வேறு மொழியின் இடம். மிஷன் கணக்குகளில் ஒரு சனத்துக்குள் சுவிசேஷ விசுவாசிகள் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் குறைவென்றால் "எட்டப்படாதவர்கள்" என்று எழுதுவார்கள். வெளியாள் உதவி இல்லாமல் தங்கள் சொந்தச் சனத்துக்குத் தாங்களே சொல்ல அந்த அளவு ஆட்களாவது வேண்டும் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள யோசனை. பிராகுயிகளிடையே அந்த இரண்டுக்குக் கிட்டவும் இல்லை. எட்டப்படாதவர்கள் மிகுதியாக உள்ள பகுதியைப் "பத்து நாற்பது ஜன்னல்" என்று வடக்கே பத்துப் பாகையிலிருந்து நாற்பது பாகை வரை கோடு போட்டுக் காட்டுவார்களே, கலாத் அதற்குள் வருகிறது. நம்முடைய பருத்தித்துறை முனைகூட அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அதனால் நம் தீவில் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கோடு ஒரு படம் மட்டுமே.

இனி எதைக் கேட்பது? இங்கேதான் உழைப்பு வேண்டும்.

முதலில் மொழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவிசேஷத்தில் ஒரு பகுதி பிராகுயியில் அச்சானது. ஆனால் வேதம் அச்சில் இருப்பது வேறு, ஒரு சனம் அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்வது வேறு. நமக்கு இது புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனெரி பேர்சிவல் ஐயர் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. நல்ல தமிழ்தான், இந்தியக் கரையில் சபைகள் அதை ஏற்கவில்லை. 1871இல் வந்த, பவர் ஐயர் திருத்திய மொழிபெயர்ப்பைத்தான் இன்றும் நாம் வாசிக்கிறோம். அத்தனை வருட உழைப்பு ஒரு பக்கம் ஒதுங்கியது. ஆகவே "மொழிபெயர்ப்பை ஆசீர்வதியும்" என்பதோடு நிறுத்தாமல், கேட்கிறவன் காதுக்கு அது தன் தாயின் பேச்சாகப் படவேண்டும் என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத மேய்ப்பர்கள் அனேகர் என்பதால் ஒலிப்பதிவுகளுக்காகவும் கேளுங்கள். பிராகுயியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் மொழிபெயர்ப்பு மேசையில் இருக்க வேண்டும் என்பதைத் தனி விண்ணப்பமாக எழுதும். அது இல்லாத இடத்தில்தான் அனேக மொழிபெயர்ப்புகள் கெட்டுப்போகின்றன.

இரண்டாவது, குவெட்டாவில் ஏற்கெனவே இருக்கிற கிறிஸ்தவர்கள். துப்புரவு வேலைக்காரர் என்று இழிவாகப் பார்க்கப்படுகிற குடும்பங்கள் அவர்களில் நிறைய. 2017 டிசெம்பர் 17இல் அங்கே மெதடிஸ்த ஆலயத்தில் ஆராதனை நேரத்தில் குண்டு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2019இல் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் நடந்ததை அறிந்த நமக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடிபட்டவனிடம் போய் "நீ உன் அயலானை நேசி" என்று சொல்வது சின்ன விஷயமா? பயம் நீங்கவும், பிராகுயி அயலானோடு ஒரு தேத்தண்ணி குடிக்கிற அளவு வாசல் திறக்கவும் கேளுங்கள். அது நடந்தாலே பெரிய பதில்.

மூன்றாவது, மருத்துவம். ஹென்றி ஹாலண்ட் என்ற கண் வைத்தியர் 1900இல் குவெட்டா மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்தப் பகுதியில் கண்புரை வெட்டினார். 1935 மே 31இல் வந்த பூகம்பத்தில் நகரமே தரைமட்டமாகி முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை இறந்தார்கள், ஆஸ்பத்திரியும் இடிந்தது. மறுபடி கட்டினார்கள். ஒட்டகத்திலும் நடையிலும் குருடராக வந்து பார்வையோடு திரும்பிய முதியவர்களின் ஊர்களில் ஹாலண்ட் என்ற பெயருக்குக் கதவு மூடியதில்லை. வைத்தியத்தைத் தூண்டிலாகப் போடாமல் வைத்தியமாகவே செய்தார்கள் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். 2009க்குப் பிறகு வன்னிக்குள் அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரம் கொண்டு வந்தவர்களால் நம்முடைய சைவ அயலவர் மனதில் என்ன தழும்பு விழுந்தது என்று உமக்குத் தெரியும். அது பிராகுயிகள் நடுவில் நடக்காதபடி கேட்பதும் ஒரு விண்ணப்பம்.

நான்காவது, முதலாவது விசுவாசி. ஒருவன் விசுவாசித்தால் மறுநாள் அவனுக்கு எது இல்லாமல் போகும் என்று யோசித்து அதையே கேளுங்கள்: ஆட்டுமந்தையில் பங்கு, பிள்ளைக்குச் சம்பந்தம், ஆபத்துக்கு ஓடிவரும் குலத்தார், கடைசியில் புதைக்க ஆறடி நிலம். புதைகுழியைச் சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் சத்தீஸ்கரின் பஸ்தார் பகுதியில் 2025 ஜனவரி 7இல் ஒரு போதகர் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் பண்ண விடவில்லை. மூன்று கிழமை உடல் பிணவறையில் கிடக்க, வழக்கு டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போய், இருபது கிலோமீற்றருக்குத் தள்ளி வேறு ஊர் மயானத்தில் அடக்கம் பண்ணச் சொன்னார்கள். மகன்தான் வழக்காடினார். ஞானஸ்நான எண்ணிக்கைக்காக ஜெபிக்கிறவர்கள் இந்தக் குழியை மறந்துபோகிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் கூட்டத்தை மனதில் வைத்து நான் இந்தச் சனத்தைத் தெரிந்தெடுத்ததற்கு அதுதான் முதற்காரணம். பலுசிஸ்தானில் ஆட்கள் காணாமல் ஆக்கப்படுகிறார்கள். 2013இன் கடைசியில் தொடங்கி, குவெட்டாவிலிருந்து கராச்சிக்கும், அங்கிருந்து இஸ்லாமாபாத்துக்கும் பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் நடந்தே போயின. 2023 டிசெம்பரில் பெண்கள் மறுபடி தலைநகர் வரை போனார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோவில் முன்றலில் இருந்த தாய்மாரை நினையும். அதே படம், அதே பிளாஸ்டிக் உறை, மூலையில் வெயிலில் வெளிறிய அதே நிறம். வெளிநாட்டுச் சபை ஒன்று அந்தத் தாய்க்காக ஜெபிக்கும்போது சொல் தேட வேண்டியிருக்கும். வன்னியில் ஜெபிக்கிறவர்களுக்குத் தேட வேண்டாம். உங்கள் எட்டுப் பேரில் அப்படி ஒரு அம்மா இருந்தால் அந்த விண்ணப்பத்தை அவரிடம் கொடும், வற்புறுத்தாமல்.

மழைக்கும் கேளுங்கள். நிலத்தடிக் கால்வாய் வெட்டி மலைநீரைக் கொண்டுவருகிற காரேஸ் முறையில் வாழ்ந்த ஊர்கள், குழாய்க்கிணறுகள் பெருகியதால் வற்றிப்போயின. குளம் வற்றினால் ஊர் என்னாகும் என்று நமக்குத் தெரியாதா?

கூட்டத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். பாட்டும் வேத வாசிப்பும் பத்து நிமிஷம். பிறகு அரைப் பக்கத்துக்கு மேற்படாத செய்தி, ஒருவர் வாசிக்கட்டும், பத்து நிமிஷம். பிறகு ஜெபம். ஒருவர் ஒரு விண்ணப்பம், இரண்டு நிமிஷம், அடுத்தவர். ஒரே அண்ணன் இருபது நிமிஷம் ஜெபித்தால் மற்ற ஏழு பேரும் மனதுக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவருக்கு அன்பாகத் தனியே சொல்லும். சி.ஆர். கொப்பி ஒன்றில் நாலு கோடு போடும்: திகதி, விண்ணப்பம், செய்தி எங்கிருந்து வந்தது, பதில் தெரிந்த திகதி. கடைசிக் கட்டத்தை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருக்கா முழுவதையும் சத்தமாக வாசியுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிறதை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டு வரவேண்டாம். "ஆப்கானிஸ்தானில் இருபத்திரண்டு மிஷனெரிமாருக்கு நாளை மரணதண்டனை, உடனே பகிரவும்" என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிற பொய், அந்த "நாளை" வருவதே இல்லை. திகதியும் ஊரும் இல்லாத செய்தியைக் கொப்பியில் ஏற்றாதேயும். அங்கே வேலை செய்கிறவர் யாருடைய பெயரோ படமோ கிடைத்தால் குழுவில் போடவே கூடாது. ஜெபத்தில் "அந்தச் சகோதரி" என்றாலே ஆண்டவருக்கு விளங்கும்.

யுத்தச் சொற்களையும் குறையும். "கோட்டைகளைத் தகர்க்கிறோம், எல்லையைப் பிடிக்கிறோம்" என்று ஒலிபெருக்கியில் போனால், முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த அயலவருக்கு அது வேறு விதமாகக் கேட்கும். ஒலிபெருக்கியே வேண்டாம், எட்டுப் பேருக்கு வாய் காணும். உபவாசம் வைத்தால் நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர்களைச் சேர்க்காதேயும், மற்றவர்களும் தண்ணீர் குடிக்கட்டும், வெயில் அப்படி.

பதில் வேறு முகத்தோடு வந்தால் கலங்க வேண்டாம். ரோமர் 15ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுல் மூன்று காரியம் கேட்டு எழுதுகிறார்: யூதேயாவில் அவிசுவாசிகளுக்குத் தப்ப வேண்டும், எருசலேமில் தன் உதவி ஏற்கப்பட வேண்டும், பிறகு சந்தோஷத்தோடு ரோமாபுரிக்கு வரவேண்டும். ரோமாபுரிக்கு வந்தார், சங்கிலியோடு. அங்கிருந்தும் கொலோசெயருக்கு எழுதும்போது வசனத்துக்கு வாசல் திறக்கும்படி ஜெபியுங்கள் என்றாரே தவிர, சிறை வாசலைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் இல்லை.

எட்டுப் பேரால் என்ன ஆகும் என்று யாரும் தயங்கினால், பிறகு தோர்ணக்கல் பிஷப்பான அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது கண்டதைச் சொல்லும். நம்முடைய பிள்ளைகள் காசு சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையில் தொண்டியில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்தான் அடுத்த வருடம் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கியவர்களில் முன்னின்றார். அங்கிருந்து தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியர் போனார்கள்.

கடைசியாக ஒன்று, நீர் கோபிக்க மாட்டீர் என்று நம்பி எழுதுகிறேன். கலாத்திலுள்ள முஸ்லிம்களுக்காக முழங்கால் போடுகிற கூட்டம், உமக்குப் பக்கத்தில் நீராவிப்பிட்டியில் இருக்கிற முஸ்லிம்களோடு கதைப்பதுண்டா? 1990 ஒக்டோபரில் வீட்டையும் வளவையும் விட்டுத் துரத்தப்பட்டு, பத்து இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. பிரசங்கம் பண்ணச் சொல்லவில்லை. கூட்டம் தொடங்குவதற்கு முதல் ஒரு நாள் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து சுகம் விசாரித்துவிட்டு வாரும்.

பலுசிஸ்தான் வரைபடம் ஒன்றை ஏ-3 தாளில் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். குவெட்டா, கலாத், குஸ்தார் மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், சந்தியில் நின்று எடும். முதல் மாதம் என்னென்ன கேட்டீர்கள் என்று கொப்பியின் முதல் பக்கத்தைப் பார்த்து எனக்கு எழுதும். இங்கே நாங்களும் அதையே கேட்போம்.

உம்முடைய பழைய நண்பன்